ஊக்கப் போதையின் நஞ்சு: அறிவதும் காப்பதும்

(ஜவ்வாது மலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிப் பிரதிநிதிகள், ஊர்க் கவுண்டர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் ஜமுனாமரத்தூரில் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வழக்கமாக இம்மன்றத்தில் சாலை, குடிநீர், வீட்டு வசதி, பள்ளிக் கட்டடம் ஆகியவை பற்றியே நாம் பேசுவதுண்டு. இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறானது. ஆயினும் வளர்ச்சிப் பணிக்கு அது புறம்பானதன்று. மலைக்குச் சாலை வந்தது. நம் சாமையும் புளியும் தேனும் அச்சாலை வழியே கீழே இறங்கின. நம் பிள்ளைகளும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடி அதே சாலையில்தான் செல்கின்றனர். போகிறவன் பணத்தோடு திரும்புவான். சில வேளை நோயோடும் திரும்பக்கூடும். அந்நோய்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஊக்கப் போதைப் பொருள்கள் நம் மலையில் பரவிவிட்டன என்று நாம் கூற வரவில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியாயிற்று. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் மது அருந்துவோர் 100-க்கு 14.6 பேர் என்றும், ஆம்ஃபிட்டமின் வகை ஊக்கப் பொருள்களைப் பயன்படுத்துவோர் 100-க்கு 0.18 பேர் என்றும் அது கணக்கிட்டது. அதாவது ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. அப்படியாயின் இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். அரிதாக வருவதை அடையாளம் காண்பது கடினம். அடையாளம் காணாவிட்டால், பேய் பிடித்ததென்றோ, குடிமயக்கமென்றோ, வெறுங் காய்ச்சலென்றோ எண்ணி நேரத்தைப் போக்கிவிடுவோம். சமவெளியில் ஒரு மணி நேரம் வீணானால் ஈடு செய்யலாம். சில குக்கிராமங்களிலிருந்து மோட்டார் சாலையை எட்டவே நேரம் பிடிக்கும் நம் மலையில் அதை ஈடு செய்ய இயலாது.

இவை எவை?

போதைப் பொருள்கள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. சாராயமும் அபினும் உடலை மந்தமாக்கித் தூங்கச் செய்வன. அதற்கு நேர்மாறாக உடலை முடுக்கிவிட்டுத் தூக்கத்தையும் பசியையும் களைப்பையும் மறக்கச் செய்வன ஊக்கப் பொருள்கள். தேயிலையிலும் காப்பியிலும் உள்ள காஃபீனும், புகையிலையிலுள்ள நிக்கோட்டினும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆனால் நாம் இங்குப் பேசுவது அவற்றினும் பன்மடங்கு வலிமை வாய்ந்த கோக்கைன், ஆம்ஃபிட்டமின், மெத்தாம்ஃபிட்டமின், எம்.டி.எம்.ஏ., மெஃபெட்ரோன் ஆகியவை. பொடியாகவும் படிகமாகவும் மாத்திரையாகவும் இவை கைமாறுகின்றன.

இவை மருந்தாகவும் ஆய்வுப் பொருளாகவும் பிறந்தவையே. ஆம்ஃபிட்டமின் 1887-ல் பெர்லினில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. மெத்தாம்ஃபிட்டமினை 1893-ல் ஜப்பானிய வேதியியல் அறிஞர் நாகாய் நாகயோஷி உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் தம் வீரர்களுக்கு இதனைக் கொடுத்தன. போர் முடிந்த பின் ஜப்பானில் பொதுமக்களிடையே இப்பழக்கம் பெருகவே, 1951-ல் அந்நாடு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

மருந்துக் கடைச் சரக்கும் இதற்குப் பயன்படுவதுண்டு. அறுவைச் சிகிச்சையின்போது இறங்கிய இரத்த அழுத்தத்தை உயர்த்துவதற்கென உள்ள மெஃபென்டர்மின் என்னும் ஊசி மருந்தை, உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் வலிமை பெறுவதாக எண்ணிப் போட்டுக்கொள்வதை நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். காவல் துறைக்கும் இராணுவத்துக்கும் ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் இதைச் செவியில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் வெல்ல ஊசி ஒன்று உண்டென்று எவனாவது சொன்னால் அவன் நண்பன் அல்லன்.

உடலில் நிகழ்வது என்ன?

ஏர் மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்காமல் தார்க்குச்சியால் ஓயாது குத்தினால், மாடு சிறிது நேரம் வேகமாகத்தான் நடக்கும். அந்த வேகம் மாட்டின் உடலிலிருந்து பிடுங்கப்பட்டது. பின்னர் அது சாலிலேயே விழும். ஊக்கப் பொருளின் செயல் இத்தகையதே. மூளையிலும் நரம்புகளிலும் சேமிப்பிலுள்ள டோப்பமின், நார்-அட்ரினலின் முதலிய பொருள்களை அது ஒரே சமயத்தில் பெருகச் செய்கிறது. இதயம் விரைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் ஓயாமல் இயங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன.

அளவு மிஞ்சினால் இவை ஒவ்வொன்றும் உயிருக்கு உலை வைக்கும். இளைஞனுக்கும் மாரடைப்பு வரலாம், மூளையில் குழாய் வெடித்துப் பக்கவாதம் வரலாம், வலிப்பு உண்டாகலாம். எல்லாவற்றிலும் கொடியது உடற்சூடு. வெப்பம் 104 டிகிரியைத் தாண்டி ஏறுமாயின் தசைகள் சிதைந்து, அச்சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களை அடைக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்துப் போவது இதன் அடையாளம்.

எவ்வளவு உட்கொண்டால் நஞ்சாகும் என்று கேட்பீர்கள். அதற்கு வரையறை சொல்ல இயலாது. திருட்டுச் சரக்கில் என்ன கலந்துள்ளது என்பதை விற்பவனும் அறியான். முதன்முறை உட்கொண்டவனும் இறந்ததுண்டு.

எப்படி அடையாளம் காண்பது?

இரண்டு இரவுகளாகத் தூங்காதவன், உண்ணாதவன், ஓரிடத்தில் இராமல் உலாவுகிறவன், நிறுத்தாமல் பேசுகிறவன், பற்களை நறநறவெனக் கடிக்கிறவன், தன்னை யாரோ கொல்ல வருவதாகவும், சுவருக்கு அப்பால் குரல் கேட்பதாகவும் அஞ்சுகிறவன். இவ்வாறு திடீரென மாறிய இளைஞனைக் கண்டால் பேய் என்று முடிவு கட்டும் முன்னர் அவன் உடலைப் பாருங்கள். கண்ணின் கருமணியையும், தோலையும், நாடியையும் பார்த்தால் பெரும்பகுதி விளங்கும்.

ஊக்கப் போதையில் கருமணி விரிந்திருக்கும்; நாடி விரைந்தோடும்; உடல் வியர்வையில் நனைந்திருக்கும். ஊமத்தங்காய் தின்றவனுக்கும் கருமணி விரியும், நாடி விரையும், பிதற்றலும் உண்டு. ஆனால் தோலும் வாயும் உலர்ந்து போயிருக்கும். வியர்வையே இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். பூச்சிமருந்து உண்டவனுக்கு வியர்வையோடு எச்சிலும் வழியும். கருமணியோ கடுகளவாகச் சுருங்கியிருக்கும். அபின் இனத்து மாத்திரையோ ஊசியோ அளவு மிஞ்சினால் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கி, ஆள் தூங்கி, மூச்சு மெல்ல மெல்லக் குறையும். மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவனுக்குப் பல மணி நேரம் கழித்தே வயிற்றுவலியும் வாந்தியும் பார்வை மங்கலும் தோன்றும்.

இவை யாவும் வழிகாட்டும் குறிகளே, தீர்ப்பு மருத்துவருடையது. மூளைக் காய்ச்சலும், மலேரியாவும், நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை இறங்குவதும் பிதற்றலை உண்டாக்கும். ஒரே ஆள் சாராயத்தையும் மாத்திரையையும் சேர்த்து உண்டிருக்கவும் கூடும். எதுவாயினும் முடிவு ஒன்றுதான்: தாமதமின்றி மருத்துவமனை.

நெஞ்சுவலி, வலிப்பு, கொதிக்கும் உடல், ஒரு பக்கம் கை கால் விழுதல், நினைவு தப்புதல், கட்டுக்கடங்காத வெறி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அது அவசர நிலை.

முதல் மணி நேரம்

முதற்காரியமாக 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். அலைபேசி அலை கிடைக்காத ஊர்களில் எந்தப் பாறை மேட்டில் அலை கிடைக்கும் என்பதை ஊரார் அறிவர். ஓர் ஆளை அங்கே ஓட்டுங்கள். வண்டி வர இயலாத ஊராயின் எந்த இடத்துக்கு அது வரவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, அமைதி. கூட்டத்தை விலக்குங்கள். அவன் நம்பும் ஒருவர், தாயோ மாமனோ நண்பனோ, தாழ்ந்த குரலில் பேசட்டும். "இங்கே யாரும் உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள், நாங்கள் கூடவே இருக்கிறோம்" என்பது போதும். அவன் அச்சத்தை மறுத்து வாதாட வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அரிவாள், கொடுவாள், கோடரி முதலியவற்றை முன்னதாகவே அப்புறப்படுத்துங்கள். அவனுக்கும் வாசலுக்கும் நடுவே நிற்காதீர்கள்.

மூன்றாவது, குளிர்ச்சி. நிழலுக்குக் கொண்டு வந்து மேல்துணியைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீர் தெளித்து, முறத்தாலோ விசிறியாலோ ஓயாது வீசுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத் துணி வையுங்கள். காய்ச்சல் மாத்திரையால் இச்சூடு இறங்காது. ஏனெனில் இது நோயின் காய்ச்சல் அன்று, தசைகள் உண்டாக்கும் வெப்பம்.

நான்காவது, நீர். நினைவு தெளிந்து விழுங்கக் கூடியவனாயின் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். குடம் குடமாகப் புகட்டலாகாது. எம்.டி.எம்.ஏ. உட்கொண்டோர் மிகுதியாக நீர் குடித்து, இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து, மூளை வீங்கி மாண்டதுண்டு.

ஐந்தாவது, வலிப்பு வந்தாலும் நினைவு தப்பினாலும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பின்போது கை கால்களை அழுத்தாதீர்கள். தலை கல்லில் மோதாமல் காத்தால் போதும். டோலி கட்டித் தூக்கிச் செல்ல நேர்ந்தாலும் ஒருக்களித்த நிலையிலேயே, மூச்சைக் கவனித்தபடி, தலையில் போர்வை போர்த்தாமல் கொண்டு செல்லுங்கள். மூச்சு நின்றால் மார்பின் நடுவே அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள்.

செய்யத் தகாதவை

கயிற்றால் கட்டுவது நம் ஊர்களில் முதலில் தோன்றும் எண்ணம். அது மிகவும் ஆபத்தானது. கட்டுண்டவன் திமிறத் திமிற உடற்சூடு ஏறும், தசை சிதையும். குப்புறத் தள்ளி முதுகில் ஏறி அமர்ந்து பிடிப்பதால் மூச்சடைத்து இதயம் நின்றுவிடக் கூடும். உயிர்ச் சேதம் நேரும் என்ற நிலையில் பிடித்தே ஆக வேண்டுமாயின், மல்லாந்தோ ஒருக்களித்தோ இருக்க, மிகக் குறைந்த நேரம், மார்பையும் கழுத்தையும் அழுத்தாமல் பிடிக்கலாம்.

வாயில் இரும்பையோ சாவியையோ திணித்தல், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தல், மயங்கியவன் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றுதல் ஆகியவை வேண்டா. போதை தெளியச் சாராயம் கொடுப்பது நஞ்சுக்கு மேல் நஞ்சு. வேப்பிலை அடித்து, மிளகாய்ப் புகை காட்டி விடியும்வரை காத்திருப்பதும் வேண்டா. பூசாரிகளும் இக்கூட்டத்தில் இருக்கின்றனர். தெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளுங்கள்; விபூதி இடுங்கள்; அதற்குள் வண்டியையும் வரச் சொல்லுங்கள். "முதலில் மருத்துவமனைக்குப் போ" என்று பூசாரி சொன்னால் அதைத் தட்டுவார் நம் மலையில் இல்லை.

இன்னொன்று. காவலருக்கு அஞ்சிப் பொட்டலத்தை விழுங்கியவன் பார்வைக்கு நலமாக இருப்பான். வயிற்றில் அது கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். அப்படி நடந்ததென்று தெரிந்தால் அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கலாகாது.

மருத்துவமனையில் நடப்பது

இந்நஞ்சை முறிக்கும் தனி மருந்து இன்றளவும் இல்லை. மெத்தனாலுக்கு உண்டு, அபினுக்கு நாலாக்சோன் உண்டு, பூச்சிமருந்துக்கு அட்ரோப்பின் உண்டு. ஊக்கப் போதைக்கோ உடலைத் தணித்து வைத்து, நஞ்சு கழியும்வரை காப்பதே சிகிச்சை. டயஸிபாம், லோராஸிபாம் போன்ற அமைதி மருந்துகளை மருத்துவர் நரம்பில் செலுத்துவார். வெறியும் வலிப்பும் தணிவதோடு நாடியும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும். உடலைக் குளிர்விப்பர், சிறுநீரகம் காக்க உப்புநீர் ஏற்றுவர், இ.சி.ஜி. எடுப்பர், இரத்தத்தைச் சோதிப்பர்.

இங்கேதான் நீங்கள் சொல்லும் உண்மை மருந்தாகிறது. சாதாரண நெஞ்சுவலிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா தடுப்பு மருந்துகள், கோக்கைன் உட்கொண்டவனுக்குக் கேடு விளைவிக்கக் கூடும். சிறுநீர்ச் சோதனை எல்லாப் பொருளையும் காட்டுவதில்லை. புதுவகைப் பொடிகள் அதில் தப்பிவிடும். ஆகவே என்ன உட்கொண்டான், எப்பொழுது, எவ்வழியாக, வேறு எதனோடு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மீதியிருக்கும் மாத்திரை, பொட்டலம், ஊசிக் குப்பி எதுவாயினும் எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐயம் எழுந்தால் அவர் கலந்தறிய தில்லி தேசிய நஞ்சுத் தகவல் மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஊர்க் கட்டுப்பாடும் சட்டமும்

உண்மை சொல்லக் குடும்பத்தார் அஞ்சுவது ஏன்? ஒன்று காவல் துறை, மற்றொன்று ஊர்.

சட்டத்தைப் பற்றிச் சொல்வோம். போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-ல் இயற்றப்பட்டது. விற்பவனுக்கும் கடத்துபவனுக்கும் அது கடுமையானது. ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, உட்கொண்ட குற்றத்துக்கோ, சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான போதை அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை பெற்றால் அவனை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சிகிச்சையை நாடுவோருக்குச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஊரைப் பற்றி நாம் சற்று வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. போதை கண்ட குடும்பத்துக்கு அபராதம் விதிப்போம், ஊரைவிட்டு ஒதுக்கி வைப்போம் என்று தீர்மானம் போட நல்லெண்ணத்தோடு பலர் விரும்புகின்றனர். அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் மகன் உடல் கொதிக்கத் தாய் அருகே அமர்ந்திருக்கிறாள். வெளியே சொன்னால் அபராதம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் நின்றுவிடும். அவள் என்ன செய்வாள்? கதவைச் சாத்திக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பாள். நம் தீர்மானமே அவள் கதவுக்குப் பூட்டாகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடறியும். அந்நஞ்சு வேறு, இந்நஞ்சு வேறு. எனினும் எந்த நஞ்சுக்கும் மருத்துவம் பலிக்கும் காலம் ஒன்றுண்டு. வெட்கமும் அச்சமும் அக்காலத்தைத் தின்றுவிடும்.

ஆகவே ஊர்க் கட்டுப்பாட்டை விற்பவன் மீது திருப்புங்கள். விற்பனை பற்றிய செய்தியை 10581 என்னும் காவல் துறை எண்ணுக்குத் தெரிவிக்கலாம். நோயுற்றவனைப் பொறுத்தவரை தீர்மானம் இவ்வாறு அமையட்டும்: "எந்த வீட்டில் இத்துன்பம் நேர்ந்தாலும் ஊர் கேள்வி கேட்காது, நான்கு பேர் வந்து தூக்குவர், வண்டிச் செலவை ஊர்ப் பொதுப்பணம் ஏற்கும்." கோவிலூர், வீரப்பனூர், நம்மியம்பட்டு, புலியூர் முதலிய ஊராட்சிகளின் தலைவர்கள் இங்கே இருக்கின்றனர். அடுத்த கிராம சபையில் இதனை முன்மொழியுமாறு யாவரையும் வேண்டுகிறோம்.

பின்வரும் நாட்கள்

உயிர் பிழைத்து வீடு திரும்பியவன் ஓரிரு நாட்கள் அயர்ந்து தூங்குவான், மிகுதியாக உண்பான், பின்னர் மனம் சோர்ந்து போவான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தலைதூக்கக் கூடும். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். தனியே காட்டுக்கு அனுப்பாதீர்கள். பொய்க் குரல்களும் சந்தேகமும் பெரும்பாலோருக்குப் பழக்கம் நின்றபின் சில நாட்களில் அல்லது வாரங்களில் அடங்கும். அடங்காவிடில் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவனுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைச் சோதனைகள் தேவை.

இப்பழக்கத்தை ஒரே வேளையில் போக்கும் மாத்திரை இல்லை. ஆலோசனையும், ஒழுங்கான வேலையும், சிறு சிறு வெற்றிக்கும் கிடைக்கும் பாராட்டும் பயன் தருகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண்கள் உள்ளன. 108-உடன் இவ்விரு எண்களையும் ஒவ்வோர் ஊரிலும் பள்ளிச் சுவரிலும் அங்கன்வாடிச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டுகிறோம். வண்ணத்துக்கு ஆகும் செலவு சிறிது.

காட்டில் தீ கண்டால் யார் மூட்டினார் என்று விசாரிக்கும் முன்னர், தழையை ஒடித்துக்கொண்டு ஓடுவது நம் மலை மக்களின் பழக்கம். மனிதன் உடலில் பற்றும் தீக்கும் அதுவே முறை. முதலில் அணைப்போம், விசாரணை பிறகு.